ஏழுக்கு அஞ்சு பாத்ரூம், ஒரு கணக்கு நோட்டு

பூஜை அறைச் சுவரில் தொங்கிய காலண்டரின் கீழ்ப்பாதி நெளிந்து கிடந்ததை முதலில் பார்த்தது என் மனைவிதான். தூக்கிப் பார்த்தால் பின்னால் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரல் பட்டதும் பொருக்கு உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் கொட்டிய மழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, வாசலில் நின்றது. அதனால் தரை ஈரம் சுவரில் ஏறியிருக்கும், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டோம். பொங்கல் போனது, பங்குனி போனது, அக்னி நட்சத்திரமும் வந்தது. பாளையங்கோட்டை மே மாத வெயிலுக்குக் காயாத சுவர் ஒன்று இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் மழை இல்லை.

வீடு 1992இல் அப்பா கட்டியது. கீழ்த்தளக் குளியலறை 7 அடிக்கு 5 அடி. இந்தியன் க்ளோசெட், சிவப்பு மொசைக் தரை, இடுப்பு உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், சுவருக்குள் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வெஸ்டர்ன் வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். காலண்டர்தான் தேதி குறித்தது.

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கசிவு எங்கே என்று நானே பார்த்துவிட நினைத்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முதல் நாள் இரவு சமையலறை, மாடி இரண்டுக்கும் போகும் கேட் வால்வை அடைத்துவிட்டு, குளியலறை லைனை மட்டும் திறந்து வைத்தேன். குழாய் எல்லாம் இறுக மூடியிருந்தது. மொட்டை மாடித் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டேன். 1,000 லிட்டர் தொட்டி அது. காலையில் 2 இன்ச் குறைந்திருந்தது. அந்தச் சுற்றளவுக்கு 2 இன்ச் என்றால் 40 லிட்டருக்கு மேல். மறுநாள் இரவு குளியலறை லைனையும் அடைத்தேன், மட்டம் அசையவில்லை. ஆக, சுவருக்குள் இருக்கும் குழாய் ஒழுகுகிறது.

அடுத்தது கழிவுப் பக்கம். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கால் பாட்டில் கலந்து நஹானி ட்ராப்பில், அதாவது தரையில் தண்ணீர் வடியும் வாயில், ஊற்றினேன். வெளியே கழிவுக் குழாய் வந்து சேரும் தொட்டியான சேம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். நீலம் வந்தது, ஆனால் ஊற்றின வேகத்துக்கு வரவில்லை. மூன்று வாளி ஊற்றிய பிறகு, மறுநாள் வெளிச்சுவர் ஓரத்துச் செம்பருத்திக்கு அடியில் மண்ணைக் கிளறினால் லேசான நீலம். அதைப் பார்த்த பிறகும் வெளிக் குழாய்க்கென்று என் எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டேன். ட்ராப் ஜாயின்ட் மட்டும்தான் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தப்பின் விலை பின்னால் வருகிறது.

ஒரு ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டோம். டேப் வைத்து அளந்தார், சுவரைத் தட்டினார், அரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். ‘பாத்ரூம் முழு வேலை, பொருளோடு சேர்த்து, 1,60,000. ஜி.எஸ்.டி. தனி.’ எந்த டைல், எத்தனை கோட் வாட்டர்ப்ரூஃபிங், குழாய் எந்த வகை, இடிபாட்டை யார் அள்ளுவது, ஒன்றும் இல்லை. பிரித்து எழுதித் தாருங்கள் என்றேன். ‘பிரிச்சா கூடத்தான் வரும் சார்’ என்றார். பிரித்தால் கூட வரட்டும், எங்கே கூடுகிறது என்று தெரியுமே. அவரை விட்டுவிட்டு, எங்கள் மாடி கட்டியபோது வேலை பார்த்த கொத்தனார் அண்ணாச்சியையே நாள் கூலிக்குக் கூப்பிட்டேன். பொருள் வாங்குவது என் பொறுப்பு. லீவு போட முடியாதவர்களுக்கு இந்த ஏற்பாடு ஆகாது, சொல்லிவிடுகிறேன். நான் அந்த மாதம் ஒன்பது நாள் லீவு போட்டேன்.

நோட்டில் முதலில் எழுதியது டைல் கணக்கு. நான்கு சுவரும் சேர்ந்து 24 அடி, உயரம் 7 அடி, ஆக 168 சதுர அடி. இரண்டரைக்கு ஏழு கதவும், இரண்டுக்கு ஒன்றரை வென்டிலேட்டரும் போக 147½. வெட்டுச் சேதம் 10 சதவீதம் சேர்த்தால் 162. இரண்டுக்கு ஒன்று டைல் பெட்டிக்கு 5 கல், சுமார் 9.7 சதுர அடி. 17 பெட்டி. தரைக்கு ஒன்றுக்கு ஒன்று, வழுக்காத ஆன்ட்டி ஸ்கிட் கல், 4 பெட்டி. ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் சேர்த்து 11,500.

அப்புறம் க்ளோசெட் 9,500, வாஷ்பேசின் 2,200, குழாய் ஷவர் வகையறா 11,000, 15 லிட்டர் கீசர் 7,500, கதவு 6,500. பைப்பும் ஃபிட்டிங்கும் 9,000, சிமென்ட் மணல் 6,000, வாட்டர்ப்ரூஃபிங் 4,000, இடிக்கவும் அள்ளவும் 7,000. கொத்தனார் 1,100, கையாள் 800, ஒரு நாளைக்கு 1,900. 12 நாள் வேலை, கூடக் குறைய 24,000. பிளம்பர் 9,000, எலக்ட்ரீஷியன் 4,000. கூட்டினால் 1,11,200. எதிர்பாராததற்கு 15 சதவீதம் போட்டு 1,28,000 என்று அடிக்கோடு போட்டேன். மச்சான் பார்த்துவிட்டு, ‘என்ன மாப்ள, பாத்ரூம் கட்டுதியளா, ரூம் கட்டுதியளா? எண்பதாயிரத்துல முடியும்’ என்றார். அவர் வீட்டில் பாத்ரூம் கட்டியது 2011இல்.

ஒரு விஷயத்தை வாங்கும் பட்டியலோடு சேர்த்து எழுதாமல் தனிப் பக்கத்தில் எழுதினேன். அம்மாவுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்ற பக்கம் அது. வாசலில் இருந்த 4 இன்ச் படியை எடுத்துவிட்டு அரை இன்ச் கிரானைட் பட்டை மட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே ஆள் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் வெளியே இருந்தும் திறக்கும் வகை. க்ளோசெட் பக்கத்தில் ஒன்று, ஷவர் பக்கத்தில் ஒன்று கைப்பிடிக் கம்பி. சுவிட்ச் கதவுக்கு வெளியே. இவ்வளவு கவனமாக எழுதிவிட்டு, அந்தக் கைப்பிடிக் கம்பியின் விலையைச் செலவுப் பக்கத்தில் சேர்க்க மறந்தேன்.

2024 ஜூன் 10, திங்கள்கிழமை இடிக்கத் தொடங்கினோம். அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். நாங்கள் மாடிக் கழிப்பறை. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. ஆடி ஜூலை 17. ஐந்து வாரம் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன்.

இடிப்பு இரண்டு நாள். பழைய டைலைப் பெயர்த்தால் டைலோடு பூச்சும் சேர்ந்து பாளம் பாளமாக வந்தது. மூன்று சுவரில் செங்கல் தெரிந்தது. அதைத் திரும்பப் பூசுவதற்கு என் கணக்கில் இடம் இல்லை. பூஜை அறைச் சுவரைப் பிளந்ததும் ஜி.ஐ. எல்போ (குழாய் திரும்பும் வளைவுத் துண்டு) ஒன்று கையோடு வந்தது. வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே துருப்பிடித்து அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. 32 வருடம் உப்புத் தண்ணீர் ஓடிய குழாய், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

தரையைத் தோண்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நஹானி ட்ராப்பில் இருந்து வெளியே போனது அந்தக் காலத்து எஸ்.டபிள்யூ. பைப், பீங்கான் குழாய். ஒவ்வொரு ஜாயின்டிலும் சிமென்ட் விட்டுப்போய், செம்பருத்தி வேர் முடிக்கற்றை மாதிரி உள்ளே இறங்கியிருந்தது. கொத்தனார் அண்ணாச்சி ஒரு வேரை இழுத்தார். ஒரு முழத்துக்கு வந்தது.

‘இத இப்படியே வச்சு மேல டைல் ஒட்டுனா, அடுத்த வருசம் நீங்க என்னைத் தேடுவிய சார்’ என்றார்.

வெளியே சிமென்ட் நடைபாதையை உடைத்து, சேம்பர் வரை 12 அடிக்கு 4 இன்ச் பி.வி.சி., புதுச் சேம்பர், மூடி. 11,400. சொட்டு நீலம் ஒரு மாதம் முன்பே சொன்ன விஷயம்.

இடிபாடும் ஒரு குட்டி யானை வண்டியில் போய்விடும் என்று நினைத்திருந்தேன், மூன்று நடை ஆனது. 35 சதுர அடி அறைக்குள் அவ்வளவு கல் இருந்தது என்று நம்பவே முடியவில்லை. ஏழாயிரம் என்று எழுதிய வரி 9,300இல் நின்றது. செம்பருத்தியை வெட்டச் சொன்னார்கள், மனைவி சம்மதிக்கவில்லை. தள்ளி நட்டோம், பிழைத்துக்கொண்டது.

குழாய் விஷயத்தில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. வெந்நீர், தண்ணீர் இரண்டுக்குமே சி.பி.வி.சி., சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய். பிளம்பர் முக்கால் இன்ச்சில் லைன் இழுத்து, குழாய் வரும் இடங்களில் அரை இன்ச் பித்தளை எல்போ வைத்தார். ஒட்டி முடித்து ஒரு நாள் காயவிட்ட பிறகு, ‘தொட்டி வால்வைத் திறந்து விடுவோம், ராத்திரி பூரா நிக்கட்டும், ஒழுகலன்னா பூசிரலாம்’ என்றார். எங்கள் தொட்டி இந்த அறைக் குழாய்க்கு 25 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோதான். அதில் ஒழுகாதது நாளைக்கு ஒரு பிரஷர் பம்ப் வைத்தால் ஒழுகும். ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் கைப்பம்பு ஒன்று நாள் வாடகை 300க்கு இருந்தது. எல்லா வாயிலும் எண்ட் பிளக் போட்டு, 7 கிலோ வரை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். இரண்டு மணி நேரத்தில் முள் 5க்கு இறங்கியிருந்தது. பிளம்பர் முகம் சுருங்கிப் போனது. ஷவருக்குக் கீழே இருந்த எல்போவின் மரையில் டெஃப்லான் டேப் குறைவாகச் சுற்றியிருந்தார். நாலு சுற்று கூடச் சுற்றி மாட்டினார், முள் அப்படியே நின்றது. அந்த 300 ரூபாய்தான் இந்த வேலையில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம்.

பூசுவதற்கு முன்னால் சுவர் நான்கையும், டேப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து வைத்தேன். பைப் தரையில் இருந்து எத்தனை இன்ச், மூலையில் இருந்து எத்தனை இன்ச் என்று படத்திலேயே தெரியும். பின்னால் கைப்பிடிக் கம்பிக்குத் துளை போடும் நாளில் அந்தப் போட்டோதான் குழாயைக் காப்பாற்றியது.

இதற்கிடையில் ஷவருக்கு டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும் வால்வு) வாங்கப் போன இடத்தில் மனம் மாறினேன். சுவருக்குள் புதைத்து, வெளியே ஒரு வட்டத் தகடும் பிடியும் மட்டும் தெரியும் வகைதான் முதலில் எழுதியிருந்தேன். பார்க்க அழகுதான். எங்கள் போர் தண்ணீர் ஆறு மாதத்தில் ஷவர் துளையை அடைக்கிற தண்ணீர். சுவருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற உள்வால்வு மட்டும் தப்புமா? கழற்ற முடிந்தால் நல்லது, உடல் பகுதியே ஒழுகினால் டைலை உடைக்க வேண்டும். வெளியே தெரிகிற சாதா வால் மிக்ஸர் வாங்கினேன். குழாய் வகையறா மொத்தமும் 6,700இல் முடிந்தது. 4,300 மிச்சம். இந்த நோட்டிலேயே குறைந்து முடிந்த பெரிய வரி அது ஒன்றுதான்.

க்ளோசெட் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் மாட்டுகிறார்கள் என்று பிளம்பரே சொன்னார். எஸ் ட்ராப் என்றால் கழிவு தரைக்குள் இறங்கும், பி ட்ராப் என்றால் சுவருக்குள் போகும். எங்களுடையது எஸ். அதில் சுவரில் இருந்து கழிவு வாயின் நடு மையம் எத்தனை இன்ச் என்பதற்கு ஏற்ப 4, 9, 12 என்று வகை இருக்கிறது. நான் 9 இன்ச் வாங்கி, ரசீதில் எழுதியும் வாங்கினேன். பிளம்பரும் சரியாக 9 இன்ச்சில் பைப்பை நிறுத்தினார். பூசாத செங்கல் சுவரில் இருந்து 9 இன்ச்.

ஆனித் தேரோட்டத்து அன்று வேலை கிடையாது. நெல்லையப்பர் தேர் அன்று இந்த ஊரில் யாரையும் வேலைக்குக் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. தேர் பார்க்க வந்த அம்மா, தங்கையோடு வீட்டுக்கும் வந்தாள். சரி, வந்த கையோடு உயரம் பார்த்துவிடுவோம் என்று, பெட்டியில் இருந்த க்ளோசெட்டை எடுத்து, தரை மட்டம் வரப்போகும் உயரத்துக்குச் செங்கல்லும் பலகையும் அடுக்கி, அதன் மேல் வைத்து, அம்மாவை உட்காரச் சொன்னேன். புடவையைச் சரிசெய்துகொண்டு, இடிந்த அறைக்கு நடுவில், சிம்மாசனத்தில் உட்காருவது போல உட்கார்ந்தாள்.

‘உசரம் சரியா இருக்குய்யா. எந்திக்கதுக்கு வலது பக்கம் பிடி வேணும். இடது கை எனக்கு ஆகாது.’

கம்பியை நான் இடது பக்கம்தான் குறித்து வைத்திருந்தேன். அதை மாற்றக் குனிந்தபோதுதான் கவனித்தேன், க்ளோசெட்டின் பின்பக்கம் செங்கலை ஒட்டி நிற்கிறது. இனி இந்தச் சுவருக்குப் பூச்சு வர வேண்டும், அதன்மேல் கலவை, அதன்மேல் டைல், எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் இன்ச் வரும். அப்போது க்ளோசெட் எங்கே உட்காரும்? தரை டைல் ஒட்டி முடித்த பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே விரும்பவில்லை. வளைந்த கனெக்டர் ஒன்று போட்டுச் சமாளிக்கலாம் என்றார் பிளம்பர். கழிவு போகும் பாதையில் வேண்டுமென்றே ஒரு கோணல் வைப்பானேன்? மறுநாள் அரை நாள் வேலை, பைப்பை நகர்த்தி வைத்தோம். 1,800 ரூபாய். அளவு எல்லாமே ஒட்டி முடிந்த டைலில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்று சாக்பீஸால் சுவரிலேயே எழுதி வைத்தேன்.

தரைக்கு மண்ணை இறுக்கி, 3 இன்ச் கான்கிரீட் போட்டு, வாட்டம் எடுத்தார் கொத்தனார். டியூப் லெவல், ரசமட்டம் எல்லாம் பார்த்து முடித்த பிறகும் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக் கதவோரம் ஊற்றினார். ‘மட்டம் பொய் சொல்லும் சார், தண்ணி சொல்லாது.’ 5 அடிக்கு ஒரு இன்ச் என்ற கணக்கில் சரிவு, ட்ராப் ஷவர் மூலையில். தண்ணீர் நேராகப் போய் வாஷ்பேசினுக்கு அடியில் கொஞ்சம் தயங்கியது. அந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டுத் திரும்பப் போட்டார். இந்தப் பழக்கத்துக்காகவே அவருக்கு இன்னும் நாலு வீடு பிடித்துக் கொடுப்பேன்.

வாட்டர்ப்ரூஃபிங்குக்குக் கடையில் கிடைக்கும் இரண்டு பொருள் கலவை, ஒரு டப்பா திரவம், ஒரு பை பொடி. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் சாந்தால் வளைவாக உருட்டிவிட்ட பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். முதல் கோட் குறுக்கே, அது காய்ந்ததும் இரண்டாவது கோட் நெடுக்கே. தரை முழுக்க, சுவரில் ஒரு அடி, ஷவர் இருக்கும் சுவரில் மட்டும் 6 அடி. ட்ராப் வாயைச் சுற்றி வலைத்துணி வைத்து ஒரு கோட் கூடுதல். அது நன்றாக இறுகும் வரை நாட்களை விட்டு, ட்ராப்பை அடைத்து, வாசலில் ஒரு வரி செங்கல் வைத்து, தண்ணீர் கட்டினோம். சுவரில் பென்சில் கோடு. 48 மணி நேரம். கையாள் பையன் மட்டும், ‘ரெண்டு நாள் சும்மா கெடக்கே சார்’ என்று வருத்தப்பட்டான். கூலி இல்லாத இரண்டு நாள், அவன் வருத்தம் நியாயம்தான். அந்த இரண்டு நாளும் அவர்களை வெளி நடைபாதை வேலைக்குத் திருப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கோட்டில் இருந்து ஒரு நூல் இறங்கியிருந்தது, அது வெயிலுக்குப் போனது. பூஜை அறைப் பக்கம் புதிதாக ஈரம் இல்லை.

டைல் ஒட்டுவதில்தான் கொத்தனாருக்கும் எனக்கும் உரசல். சுவருக்கு வாங்கியது செராமிக், தண்ணீர் குடிக்கும் கல். ட்ரம்மில் ஊறவைத்து சிமென்டில் ஒட்டலாம், அதில் தகராறு இல்லை. ஆனால் அவர் பழக்கம், கல்லின் நடுவில் ஒரு உருண்டை கலவை வைத்து அமுக்குவது. மூலை நாலும் உள்ளே காலியாக இருக்கும். காய்ந்த பிறகு தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும். கம்பி மாட்டத் துளை போட்டால் அந்த இடத்தில்தான் கல் விரியும். முதல் வரிசையைத் தட்டிக் காட்டி, மூன்று கல்லை எடுக்க வைத்தேன். அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. மறுநாள் முழுக் கல்லுக்கும் கலவை தடவித்தான் ஒட்டினார். தரைக் கல் விட்ரிஃபைட், அது தண்ணீர் குடிக்காது, வெறும் சிமென்ட் பிடிக்காது. அதற்கு அட்ஹெசிவ் 20 கிலோ பை வாங்கிக் கொடுத்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஸ்பேசர் வைத்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொன்னதற்கும் முணுமுணுத்தார். ‘ஒட்டி வச்சாத்தான் சார் லட்சணம்.’ அந்த இடைவெளியை நிரப்ப, தரைக்கு மட்டும் எபாக்ஸி க்ரவுட். கை கடுகடுக்கும், விலையும் கூட, காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். ஆனால் உப்புத் தண்ணீர் வீட்டில் வெள்ளை சிமென்ட் க்ரவுட் மூன்று மாதத்தில் பழுப்பாகிவிடுகிறது, மாடியில் பார்த்தாயிற்று.

சோப்பு வைக்க மாடம் ஒன்று நடுவில் முளைத்தது. மகளின் யோசனை. மாடத்துக்கு உள்ளே ஐந்து பக்கமும் கல் வெட்ட வேண்டும், 17 பெட்டி தீர்ந்து ஒரு பெட்டி குறைந்தது. கடையில் அதே டிசைன் இருந்தது, பேட்ச் எண் வேறு. பெட்டிக்குள் பார்த்தால் ஒரே நிறம், சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பால், இன்னொன்று மோர். அந்த ஐந்து கல்லும் கண்ணில் படாத மூலைக்குப் போயின. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

மின்சாரத்தில் இழுபறி இல்லை, செலவு மட்டும் கூடியது. கீசர் 2,000 வாட். பழைய வயர் மெல்லியது, எலக்ட்ரீஷியன் 4 சதுர மில்லிமீட்டர் வயரை மெயின் பெட்டியில் இருந்து தனியாக இழுத்தார். மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொன்னார். ஈரக் கையோடு அம்மா புழங்கும் அறை, அதில் பேரம் பேசவில்லை. 4,000 என்றது 6,800.

ஜூலை 10ஆம் தேதி கதவு மாட்டினார்கள். ஆடிக்கு ஒரு வாரம் முன்னால். கொத்தனார் கணக்கில் 12 நாள் 17 நாள் ஆகியிருந்தது, 32,300. கடைசி நாள் கையில் 1,200 சேர்த்துக் கொடுத்தேன். அம்மா வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி நோட்டைக் கூட்டினேன். 1,47,100. எதிர்பாராததையும் சேர்த்துப் போட்ட 1,28,000ஐத் தாண்டி 19,100. எதிர்பாராததைச் சேர்க்காத முதல் தொகையோடு ஒப்பிட்டால் 32 சதவீதம் கூட. 15 சதவீதம் என்று நான் போட்டது புது வீட்டுக்கு. சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாத முப்பது வருட வீட்டுக்கு முப்பது போட்டிருக்க வேண்டும்.

சும்மா ஒரு ஆர்வத்தில் இன்னொரு கணக்கும் போட்டேன். உறவுக்காரர்கள் எட்டிப் பார்த்து ‘நல்லாருக்கே’ என்று சொல்லும் சாமான்கள் மட்டும் எவ்வளவு? டைல்ஸ், க்ளோசெட், பேசின், குழாய்கள், கைப்பிடி, கீசர், கதவு, எல்லாம் சேர்ந்து 47,000. மீதி ஒரு லட்சமும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடக்கிறது, அல்லது குட்டி யானையில் ஏறிப் போய்விட்டது. எஸ்டிமேட் போட்டபோது கடை கடையாக நான் ஏறி இறங்கி ஒப்பிட்டதெல்லாம் அந்த 47,000க்குள் இருக்கும் சாமான்களைத்தான். மச்சானிடம் மொத்தத் தொகையைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கைப்பிடிக் கம்பி எந்தக் கடை என்று மட்டும் விசாரித்தார்.

பூஜை அறைச் சுவரை உடனே பெயின்ட் அடிக்கவில்லை. பொருக்கைச் சுரண்டி, உப்புப் பூத்த பூச்சை 3 அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, புதுப் பூச்சு பூசி அப்படியே விட்டிருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும், அதற்குப் பிறகும் காய்ந்திருந்தால் பார்ப்போம் என்று. வாரம் ஒரு தடவை உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தை பிறந்ததும் ப்ரைமர் அடித்தோம். காலண்டர் திரும்பவும் அதே ஆணியில் தொங்குகிறது. மிஞ்சிய தரைக் கல் மூன்று மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, பேட்ச் எண் இருக்கும் பெட்டி அட்டையை வெட்டி அதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.